வாரண்டி உள்ள வெந்நீர்

ஐப்பசி மழையில் பொன்னுத்தாய்க்குச் சிக்குன்குனியா வந்தது. பத்து நாளில் காய்ச்சல் கிளம்பிப் போய்விட்டது, ஆனால் போகும்போது தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போகவில்லை. விரல், மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என்று உடம்பில் எங்கெல்லாம் மடங்குமோ அங்கெல்லாம் வலியை வைத்துவிட்டுப் போனது. விடியற்காலையில் கண் விழித்தால் பத்து விரலும் மடங்கியது மடங்கியபடி இருக்கும். ரவிக்கைக்குக் கொக்கி மாட்ட முடியாது. கூந்தலை அள்ளி முடிய முடியாது. காப்பி டம்ளரை இரண்டு மணிக்கட்டாலும் அணைத்துப் பிடித்துக் குடிக்க வேண்டும். பட்டுக்கோட்டை டாக்டர் மாத்திரையை எழுதிவிட்டு, "மாத்திரை பாதிதாம்மா. எந்திரிச்சதும் நல்ல சூட்டுல தண்ணிய மேலுக்கு ஊத்துங்க. கால் மணி நேரம் விடாம ஊத்தணும். மீதி பாதி அதுதான்" என்றார்.

அந்த மீதிப் பாதி வீட்டிலேயே இருந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் இனியவன், போன வருஷத்து ஐப்பசியில் தீபாவளிக்கு வந்தபோது உஷ்ணோதயா கம்பெனி வாட்டர் ஹீட்டர் ஒன்றை வாங்கிக் குளியலறையில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். ஐந்து வருஷ வாரண்டி. பொன்னுத்தாய் அதனடியில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். கால் மணி நேரத்தில் விரல் ஒவ்வொன்றாக அவிழும். வெளியே வரும்போது தானே கொக்கி மாட்டிக்கொண்டு வருவாள். மார்கழி இரண்டாம் தேதி வரை அந்த வீட்டில் நல்லாட்சி நடந்தது.

மூன்றாம் தேதி ஹீட்டர் முனகியது. நான்காம் தேதி கொர்கொர் என்று குறட்டை விட்டது. ஐந்தாம் தேதி தண்ணீர் துரு நிறத்தில், ஆறிப்போன ரசம் மாதிரி வந்தது. ஆறாம் தேதி குழாயைத் தொட்டவள் கையைச் சுருக்கென்று உதறிக்கொண்டு, "ஏங்க, அது கடிக்குதுங்க" என்றாள்.

அவள் கணவர் இளையபெருமாள் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தார். அவர் பொதுப்பணித் துறையில் லஸ்கர். புதாறு என்று ஊரார் சொல்லும் கல்லணைக் கால்வாயில் மதகைத் திறப்பதும் மூடுவதும், காலை ஆறு மணிக்கு அளவுகோலில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து மேலிடத்துக்குப் போனில் சொல்வதும் அவர் வேலை. அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் சேற்றில் நின்றே செத்தவர். அந்தக் குடும்பத்தில் சர்க்காரின் சாவி ஒன்றைக் கையில் வாங்கிய முதல் ஆள் இவர்தான். முப்பது வருஷ சர்வீஸில் முறை தப்பி ஒரு மதகைத் திறந்ததில்லை, சீல் வைத்த ஒரு பூட்டைத் தொட்டதில்லை. பதிவு செய்துவிட்டால் முறை வரும், முறை வந்தால் கடைமடைக்கும் தண்ணீர் வரும் என்று மனசார நம்புகிறவர். இப்படிப்பட்ட நல்ல மனிதர்களை நம்பித்தான் நாட்டில் பல கம்பெனிகள் நடக்கின்றன.

பக்கத்து வீட்டுக்காரன் காத்தான் வயரிங் வேலை செய்கிறவன். சத்தம் கேட்டு வந்து, ஹீட்டரை அண்ணாந்து பார்த்தான்.

"எலிமெண்ட்டுண்ணே. உள்ள தண்ணிய சூடாக்குற கம்பிச்சுருள். நம்ம போர் தண்ணி உப்பு அதுமேல கல்லா படிஞ்சிருக்கும். சூடு வெளியில போக வழியில்லாம வெடிச்சிருக்கும். அதான் சத்தமும் ஷாக்கும். கழட்டி, சொரண்டி, புதுசு மாட்டுனா அரை மணி நேரம்."

"தொட்டுடாதடா காத்தா" என்றார் இளையபெருமாள். ஹீட்டரின் அடி மூடியில் ஒரு காகித சீல் ஒட்டியிருந்தது. கம்பெனி ஆள் அல்லாத எவர் கை பட்டாலும் வாரண்டி செல்லாது என்று அதில் அச்சடித்திருந்தது. "இன்னும் மூணே முக்கா வருஷம் இருக்கு. முறையா பதிஞ்சா முறையா வருவாங்க."

காத்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இன்னொரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று முடிவு செய்துவிட்ட மனிதரை யார் தடுக்க முடியும்?

இளையபெருமாள் கம்பெனிக்குப் போன் போட்டார். பதிவு செய்த குரல் ஒன்று வணக்கம் சொன்னது. "உங்கள் வெதுவெதுப்பே எங்கள் வெற்றி. புதிய ஹீட்டர் வாங்க ஒன்றை அழுத்தவும். இன்னொரு ஹீட்டர் வாங்க இரண்டை அழுத்தவும். வாங்கிய ஹீட்டரைப் பாராட்ட மூன்றை அழுத்தவும். மற்றவர்கள் காத்திருக்கவும்." மற்றவரான இளையபெருமாள் இருபத்திரண்டு நிமிஷம் புல்லாங்குழல் கேட்டார். பிறகு மாளவிகா என்ற பெண் வந்தாள்.

"உங்க பிரச்சினையைச் சொல்லுங்க சார்."

"தண்ணி சுடலம்மா. கொர்கொர்னு சத்தம் வருது. துருவா வருது. குழாயில கை வெச்சா ஷாக் அடிக்குது."

"ஒரு புகார்ல ஒரு பிரச்சினைதான் சார் பதிய முடியும். இதுல உங்களுக்கு எது வேணும்?"

"எதுவும் வேணாம்னுதாம்மா போன் பண்றேன். சரி, ஷாக்குன்னு போடுங்க."

"ஷாக் எங்க லிஸ்ட்ல இல்லை சார். எங்க ஹீட்டர்ல ஷாக் அடிக்காது."

"அடிக்குதும்மா."

"போட்டோ இருக்கா சார்?"

"எதுக்கும்மா?"

"ஷாக்குக்கு."

இளையபெருமாள் தன் கையைப் புரட்டிப் பார்த்தார். "இல்லம்மா" என்றார், ஏதோ தன் மேல்தான் தப்பு என்பது போல.

"பரவாயில்லை சார். 'தண்ணீர் போதிய மகிழ்ச்சி தரவில்லை'ன்னு பதிஞ்சுக்கறேன். நாற்பத்தெட்டு மணி நேரத்துல ஆள் வருவாங்க."

பதினேழு இலக்கத்தில் ஒரு எண் வந்தது. இளையபெருமாள் அதை நாள்காட்டியில் எழுதிக்கொண்டு நாற்பத்தெட்டு மணி நேரத்தை எண்ணினார். மூன்றாம் நாள் விசாரித்தபோதுதான் கணக்கு விளங்கியது. நாற்பத்தெட்டு என்பது கம்பெனி வேலை செய்கிற மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வேலை, அதில் உணவு இடைவேளையும் தேநீர் இடைவேளையும் யோகா இடைவேளையும் கழியும். ஞாயிறு கழியும். தலைமை அலுவலகம் இருக்கிற ஊரில் ஏதாவது திருவிழா என்றால் அதுவும் கழியும். கழித்தது போகப் பார்த்தால் ஊரில் நெல் விளைகிற வேகத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் நகர்ந்துகொண்டிருந்தது.

இதற்கிடையில் இளையபெருமாள் சும்மா இருக்கவில்லை. நான்கு மணிக்கு எழுந்து அடுப்பில் இரண்டு தவலை வெந்நீர் போடுவார். ஐந்து மணிக்கு மதகுக்குக் கிளம்பியாக வேண்டும். ஆனால் பொன்னுத்தாய்க்கு விடிய விடிய மூட்டெல்லாம் இறுகிக் கிடக்கும், அவளால் அப்போது எழ முடியாது. ஆறரைக்கு அவள் சுவரைப் பிடித்து எழுந்து வரும்போது தவலையில் இருப்பது பெயருக்குத்தான் வெந்நீர். வாளியில் போடுகிற கம்பி ஹீட்டரை அவள் வீட்டுக்குள் விடமாட்டாள். அவள் அண்ணன் மகள் அதில் கை வைத்துத்தான் போய்ச் சேர்ந்தாள். ஆகவே ஆறின தண்ணீரை ஊற்றிக்கொண்டு, கொக்கி மாட்டாத ரவிக்கையின் மேல் துண்டைப் போர்த்தியபடி, கணவர் ஒன்பது மணிக்குத் திரும்பி வரும் வரை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முப்பது வருஷம் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நடமாடிய பெண்ணுக்கு அந்த இரண்டரை மணி நேரம் வலியைவிடக் கொடுமையாக இருந்தது.

எட்டாம் நாள் குறுஞ்செய்தி வந்தது. 'மகிழ்ச்சி! உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது.'

இளையபெருமாளுக்குத் தன் கண்மேல் சந்தேகம் வந்தது, கம்பெனி மேல் வரவில்லை. குளியலறைக்குப் போய் ஸ்விட்சைப் போட்டுக் குழாயைத் தொட்டார். அது முன்னைவிட நன்றாகவே கடித்தது. மறுபடி போன், மறுபடி புல்லாங்குழல், மறுபடி மாளவிகா.

"எங்க டெக்னீசியன் வந்துட்டுப் போயிருக்கார் சார்."

"ஒருத்தரும் வரலியேம்மா. நான் வீட்லதான இருந்தேன்."

"போன் மூலமா வந்திருக்கார் சார்."

"போனும் வரலம்மா."

"கூப்பிடணும்னு எண்ணியிருக்கார் சார். எண்ணம் பதிவாகியிருக்கு. புகார் முடிஞ்சிடுச்சு. முடிஞ்சதைத் திறக்க முடியாது, புதுசா பதியுங்க. நாற்பத்தெட்டு மணி நேரத்துல ஆள் வருவாங்க."

பொன்னுத்தாய் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நானும் தினம் கைய நீட்டணும்னு எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.

பதினான்காம் நாள் நிஜமாகவே ஓர் ஆள் வந்தான். பெயர் சாமிதுரை. கழுத்தில் டை, கையில் ஒரு டேப், முகத்தில் பரிவு எல்லாம் இருந்தது. ஒரு ஸ்க்ரூ டிரைவர் மட்டும் இல்லை. இளையபெருமாள் ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

"நான் நோயறிதல் பிரிவு சார். கழட்டுறவங்க வேற பிரிவு. நான் பார்த்து எழுதுனா அவங்க வருவாங்க" என்றவன், ஸ்டூலில் ஏறி ஹீட்டரின் அடியில் ஒட்டியிருந்த வெள்ளி நிறச் சீட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். "சார், இது என்ன?"

அது சந்தனமும் குங்குமமும். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் பொன்னுத்தாய் பொட்டு வைத்துவிடுவாள். சைக்கிளுக்கு வைத்தாள், மிக்சிக்கு வைத்தாள், மின்சார மீட்டருக்கு வைத்தாள், மகனுடைய லேப்டாப்புக்கு அவன் கத்தக் கத்த வைத்தாள். ஹீட்டர் வந்த அன்று அதற்கு நெற்றி எது என்று தேடியிருக்கிறாள். பளபளவென்று ஒரு சீட்டு தெரிந்திருக்கிறது. மூன்று இடத்தில் சந்தனம் தீற்றி நடுவில் குங்குமம் வைத்துவிட்டாள். பதினான்கு மாதச் சூட்டில் அது வெந்து, காய்ந்து, சீட்டோடு சீட்டாக ஒட்டிப்போயிருந்தது. சீட்டில் இருந்தது ஹீட்டரின் வரிசை எண். குங்குமம் உட்கார்ந்திருந்தது பதினோராவது இலக்கத்தின் மேல்.

"மூணா எட்டான்னு தெரியல சார்" என்றான் சாமிதுரை.

"ஈரத்துணியால துடைச்சுடலாம் தம்பி."

"ஐயோ, தொடாதீங்க சார். துடைச்சா நீங்களே நம்பரை அழிச்சதா ஆயிடும். பில் இருக்கா?"

பில் இருந்தது. பீரோவில், பட்டுப்புடவை மடிப்புக்குள் பத்திரமாக இருந்தது. ஆனால் அந்த மாதிரித் தாளில் அச்சிட்டதெல்லாம் ஒரு வருஷத்தில் வெளுத்துவிடும் போலிருக்கிறது. எழுத்தெல்லாம் போய், அடியில் 'மீண்டும் வருக' என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. வாரண்டி அட்டையில் எண் எழுத வேண்டிய கட்டத்தைக் கடைக்காரர் எழுதாமலே விட்டிருந்தார்.

சாமிதுரை நல்ல பையன். யோசித்து யோசித்து, எட்டு என்று வைத்து டேப்பில் தட்டினான். அவன் முகம் மலர்ந்தது. "சார், உங்க ஹீட்டர் நல்லா வேலை செய்யுது சார்."

"எங்க?"

"வடக்க ஏதோ ஊர் காட்டுது. போன வாரம்தான் அந்த வீட்டுக்காரர் தண்ணி பிரமாதமா சுடுதுன்னு அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்கார். நல்லா ஓடுற ஹீட்டருக்கு நான் கோளாறுன்னு எழுத முடியாது சார்."

"அப்ப மூணுன்னு போட்டுப் பாருப்பா."

மூன்று என்று போட்டான். முகம் வாடியது. "இந்த ஹீட்டர் இன்னும் விக்கவே இல்லை சார். குடோன்ல இருக்கு."

இளையபெருமாள் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த ஹீட்டரைப் பார்த்தார். சாமிதுரையும் பார்த்தான். ஒன்று அது வடக்கே நலமாக இருக்கிறது, அல்லது இன்னும் பிறக்கவே இல்லை. இரண்டில் எதுவானாலும் அதைப் பழுது பார்க்க வழியில்லை என்று டேப் சொல்லிவிட்டது. சாமிதுரை எட்டையே வைத்துப் புகாரை முடித்தான். அஞ்சு நட்சத்திரம் ஏற்கெனவே இருந்ததால் அவனுக்கு வேலை சுலபமாகப் போயிற்று.

"அந்த ஊர்ல எவளோ ஒருத்தி நம்ம வெந்நீர்ல குளிச்சுக்கிட்டிருக்கா" என்றாள் பொன்னுத்தாய், அவன் போனபிறகு. "நல்லா இருக்கட்டும்." சொல்லிவிட்டு அழுதாள். இளையபெருமாள் அவள் அழுது பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காத்தான் மறுபடி வந்தான். "அண்ணே, ஒரு வார்த்த சொல்லுங்க. பிளேடால அந்த சீலை ஒரு கீறு. அவ்வளவுதான்."

"இவ்வளவு நாள் பொறுத்தாச்சுடா. இப்பக் கீறுனா இவ்வளவு நாளும் வீணாப் போயிடும்" என்றார் இளையபெருமாள். இந்த நியாயம் காத்தானுக்குப் புரியவில்லை. வரிசையில் நின்று கால் கடுத்தவர்களுக்குத்தான் இது புரியும்.

இருபத்திரண்டாம் நாள் அவர் மதகில் இருந்தபோது காத்தானிடமிருந்து போன் வந்தது. பொன்னுத்தாய் தவலைத் தண்ணீரை மறுபடி அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைத்திருக்கிறாள். குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது விரல் பிடி கொடுக்கவில்லை. தவலை நழுவி வலது காலில் கவிழ்ந்துவிட்டது. இளையபெருமாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முழங்காலுக்குக் கீழே கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அவரைப் பார்த்ததும், "மட்டம் பாத்துச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். அவருக்குத் தன்னை யாராவது செருப்பால் அடித்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாளே கட்டோடு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருபத்து நான்காம் நாள் லீவு எழுதிப் போட்டுவிட்டு அவர் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினார். உஷ்ணோதயாவின் மண்டல அலுவலகம் அங்கேதான் இருந்தது. வாசலில் முன்பு 'புகார்ப் பிரிவு' என்று இருந்த பலகையைக் கழற்றிவிட்டு 'வாடிக்கையாளர் மகிழ்ச்சித் துறை' என்று மாட்டியிருந்தார்கள். பெயரை மாற்றிய மாதமே புகார்கள் பூஜ்யமாகிவிட்டன என்று காவலாளி பெருமையாகச் சொல்லி, ஒரு டோக்கன் கொடுத்தார். அதில் 'மகிழ்ச்சி எண் 212' என்று இருந்தது.

உள்ளே குளிரூட்டிய கூடத்தில் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு அம்மாள் மடியில் டிபன் கேரியரோடு இருந்தாள். "புதுசா வர்றீங்களா? போர்வை எடுத்தாரலியா?" என்று கரிசனமாகக் கேட்டாள். அவள் ஆடி மாதத்திலிருந்து வருகிறாள்.

அன்றைக்கு அங்கே ஒரு விழா. காத்திருந்தவர்களே கூட்டமாக அமைந்துவிட்டதால் நாற்காலியைக்கூடத் திருப்பிப் போட வேண்டியிருக்கவில்லை. குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஒரு பெண் இறைவணக்கம் பாடினாள். பிறகு மண்டல மேலாளர் வசிஷ்ட் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, இந்த வருடம் நம் மண்டலம் நூற்றுக்கு நூறு புகார்களை முடித்திருக்கிறது. இதில் எனக்குப் பெருமை என்னவென்றால், எண்பது சதவீதத்தை வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகாமலே முடித்திருக்கிறோம். போனால் அவர்களுக்குத் தொந்தரவு. போய்த் தொட்டால் ஹீட்டருக்குத் தொந்தரவு. பழைய காலத்தில் ஹீட்டரைப் பழுது பார்த்தார்கள். நாம் புகாரைப் பழுது பார்க்கிறோம். ஹீட்டர் ஒரு வீட்டில் ஒன்றுதான் இருக்கும், அதனால் யாருக்கு என்ன வளர்ச்சி? புகார் அப்படி இல்லை, முடிக்க முடிக்க வந்துகொண்டே இருக்கும். என்னைக் கேட்டார்கள், வாடிக்கையாளர் திருப்தி அடைந்தாரா என்று எப்படித் தெரியும் என்று. நான் சொன்னேன், அவர் போன் செய்வதை நிறுத்திவிட்டால் திருப்தி அடைந்துவிட்டார் என்று அர்த்தம். இந்த வருடம் ஆயிரக்கணக்கானோர் நிறுத்திவிட்டார்கள்."

ஊழியர்கள் கைதட்டினார்கள். மேலாளர் ஒரு காகிதத்தைப் பார்த்தார். "நம் மண்டலத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்த வாடிக்கையாளர் ஒருவர் இங்கேயே இருப்பதாகச் சொன்னார்கள். திரு. இளையபெருமாள்."

வடக்கத்திக்காரர் கொடுத்த ஐந்து நட்சத்திரம், சாமிதுரை எட்டு என்று தட்டியதால், இவர் புகாரோடு வந்து ஒட்டியிருந்தது. இளையபெருமாளுக்கு அது தெரியாது. தன் முறை வந்துவிட்டது என்று மட்டுமே நினைத்தார். முறை வந்தே தீரும் என்று அவருக்கு எப்போதுமே நம்பிக்கை. விறுவிறுவென்று மேடை ஏறினார். ஏறியதும் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது, கையில் ஒரு சான்றிதழ் வந்தது, வாய்க்கு முன்னால் மைக் வந்தது.

"ஐயா" என்றார். "எங்க ஹீட்டர்ல வெந்நீர் வரலீங்க. இருபத்து நாலு நாளாச்சு. எங்க வீட்டுக்காரிக்கு வெந்நீர் ஊத்தலைன்னா கை விரிய மாட்டேங்குது. அடுப்புல சுட வெச்சுத் தூக்கிட்டுப் போய், கால்ல கொட்டி, கால் வெந்து கட்டுப் போட்டுக் கெடக்குது. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். ஒரு ஆள் அனுப்புங்க. கையில ஸ்பேனர் உள்ள ஆளா அனுப்புங்க."

வசிஷ்டின் முகத்தில் உண்மையான அக்கறை தெரிந்தது. அருகில் வந்து, "கால் வெந்துவிட்டதா?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா. முழங்காலுக்குக் கீழ."

"தண்ணீர் பட்டா?"

"ஆமாங்கய்யா."

"அப்படியென்றால் தண்ணீர் நல்ல சூடாக இருந்திருக்கிறது." வசிஷ்ட் உதவியாளர் பக்கம் திரும்பினார். "எழுதிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் வீட்டில் வெந்நீர் கிடைப்பது உறுதி செய்யப்பட்டது. காயம் ஏற்படும் அளவுக்குக் கிடைக்கிறது." மைக்கை வாங்கிக்கொண்டு, "இதைவிட ஒரு கம்பெனிக்கு என்ன வேண்டும்?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். மறுபடி கைதட்டினார்கள். ஆடி மாதத்து அம்மாள் மட்டும் தட்டவில்லை, அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இளையபெருமாள் கத்தவில்லை. கத்துகிற ஆளாக இருந்திருந்தால் இந்தக் கதை ஆறாம் தேதியே முடிந்திருக்கும். மேடையை விட்டு இறங்கி, பஸ் நிலையத்துக்கு வந்து, பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒரத்தநாடு வரை அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அதற்கப்புறம் வழியெல்லாம் கதிர் பால் பிடித்து நின்ற சம்பா வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தவருக்குத் திடீரென்று வெட்கமாக இருந்தது. தன்னை யார் ஏமாற்றினார்கள் என்று யோசித்துப் பார்த்ததில் கம்பெனி இரண்டாவதாகத்தான் வந்தது.

ஊரில் இறங்கி நேராகக் காத்தான் வீட்டுக்குப் போனார். "வாடா" என்றார்.

காத்தான் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஸ்டூலில் ஏறியவன், சீலைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தான். "அண்ணே, அப்பறம் என்னயச் சொல்லப்படாது."

"நீ எறங்கு" என்றார் இளையபெருமாள். தானே ஏறினார். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன முழம் என்ன? அரிவாள்மனை பக்கத்தில் கிடந்த கத்தியைக் காத்தானை எடுத்துத் தரச் சொல்லி வாங்கி, சீலின் குறுக்கே ஒரு கீறு கீறினார். வானம் இடிந்து விழவில்லை. ஒரு பழைய காகிதம் கிழிகிற சத்தம் மட்டும் வந்தது.

மீதியை அரை மணி நேரத்தில் காத்தான் பார்த்துக்கொண்டான். மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து அரைப்படி இருக்கும், வெள்ளை வெள்ளையாக உப்புக் கல் கொட்டியது. எலிமெண்ட் நடுவில் பிளந்திருந்தது. பட்டுக்கோட்டைக் கடையில் வாங்கிப் பையிலேயே வைத்திருந்த புதியதை மாட்டினான். அதை எப்போது வாங்கினான் என்று இளையபெருமாள் கேட்டார். "முதல் நாளே" என்றான். எர்த் கம்பியை இழுத்துப் பார்த்து, டெஸ்டரை வைத்துப் பார்த்து, கடைசியில் குழாயில் தன் கையையே வைத்துப் பார்த்தான். அது கடிக்கவில்லை. பத்து நிமிஷத்தில் ஆவி பறந்தது.

இளையபெருமாள் பொன்னுத்தாயைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து, கட்டுப் போட்ட காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்து, பாலித்தீன் பை சுற்றி, குளியலறையில் உட்கார வைத்துவிட்டு வெளியே வந்தார். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. அப்போது அவர் போன் அடித்தது. மாளவிகா.

"சார், மண்டல அலுவலகத்துக்கு நீங்க நேர்ல வந்ததால உங்களுக்காகத் தானாவே ஒரு புதுப் புகார் பதிவாகியிருக்கு. நாற்பத்தெட்டு மணி நேரத்துல—"

"வேணாம்மா. ரத்து பண்ணிடுங்க."

"ரத்து செய்யக் காரணம் பதியணும் சார். சொல்றேன், ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. கோளாறு தானாகவே சரியாகிவிட்டதுன்னா ஒண்ணு. வாடிக்கையாளர் வீடு மாறிட்டார்னா ரெண்டு. வாடிக்கையாளர் காலமாயிட்டார்னா மூணு."

"நாங்களே ரிப்பேர் பண்ணிக்கிட்டோம்னு ஒண்ணு இல்லையாம்மா?"

"அப்படி யாரும் பண்றதில்லை சார்."

இளையபெருமாள் யோசித்தார். தானாகச் சரியானது என்று சொன்னால் அந்தப் பெருமையும் கம்பெனிக்குப் போய்விடும். அதற்கு அவருக்கு மனம் வரவில்லை. வீடு மாறினேன் என்றால் புது விலாசம் கேட்பார்கள். "மூணு" என்றார்.

"நன்றி சார். காலமானவரோடதான் பேசிட்டிருக்கேனா சார்?"

"ஆமாம்மா."

"ரொம்ப வருந்தறோம் சார்" என்றாள் மாளவிகா. உண்மையிலேயே அவள் குரல் தழுதழுத்தது.

போனை வைத்த கையை எடுப்பதற்குள் குறுஞ்செய்தி வந்துவிட்டது. அன்னாரின் மறைவுக்கு உஷ்ணோதயா குடும்பம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்தது, அன்னாரின் வாரண்டி அன்னாரோடு முடிவடைவதாகவும் சொன்னது. இருபத்து நான்கு நாளாக அவர் சொன்ன உண்மைகளில் ஒன்றையும் நம்பாத கம்பெனி, அவர் ஆயுசில் ஆபீசுக்குச் சொன்ன ஒரே பொய்யை அந்த நிமிஷமே நம்பிவிட்டது. நாற்பத்தெட்டு வினாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"யாருங்க போன்ல?" உள்ளேயிருந்து பொன்னுத்தாய் கேட்டாள்.

"கம்பெனிக்காரங்க. நான் செத்துப் போயிட்டேனாம். அனுதாபம் சொல்றாங்க."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. கதவு திறந்தபோது அவளே சேலையைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். ரவிக்கைக் கொக்கி நான்கும் மாட்டியிருந்தது. கடைசிக் கொக்கி மட்டும் ஒன்று தள்ளி மாட்டியிருந்தது.

இளையபெருமாள் அதைச் சரி செய்யப் போனார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். "விடுங்க, நானே மாட்டிக்கிறேன்" என்றாள்.

அவர் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து அழுதார்.